கடைசி 20 கிலோமீட்டர்: உக்ரைன் போர்முனைக்குத் தண்ணீர் பாட்டில் எப்படிப் போய்ச் சேருகிறது?

#1 கரிசல்மண்

இந்தத் தளத்தில் டாங்கிக்கு ஒரு இழை, ஏவுகணைக்கு ஒரு இழை, எஸ்-400க்கு மட்டும் நாலைந்து இழை ஓடுகிறது. அந்த டாங்கிக்கு டீசல் கொண்டுபோகும் லாரியைப் பற்றி ஒன்றையும் காணோம். அதனால் தொடங்கிவைக்கிறேன்.

2022 பிப்ரவரி கடைசியில் வந்த மாக்ஸார் செயற்கைக்கோள் படங்கள் பலருக்கு நினைவிருக்கும். கீவ் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ரஷ்ய வண்டிகள் வரிசைகட்டி நின்றன. இரண்டு நாளில் கீவ் விழுந்துவிடும் என்ற தோரணையில் டிவிக்காரர்கள் பேசினார்கள். வரிசை நகரவே இல்லை. மார்ச் 29 அன்று அந்தப் பக்கத் தாக்குதலைக் குறைத்துக்கொள்வதாக மாஸ்கோ சொன்னது. ஏப்ரல் முதல் வாரத்தில் கீவைச் சுற்றி எரிந்த வண்டிகள் மட்டும்தான் மிச்சம்.

காரணம் பல. உக்ரைன் பாலங்களைத் தகர்த்தது. இர்பின் ஆற்று அணையைத் திறந்துவிட்டு டெமிதிவ் ஊர்ப்பக்கத்து வயல்களை மூழ்கடித்தது. பனி உருகி நிலம் சேறானதால் கனரக வண்டிகளால் தார்ச்சாலையைவிட்டு இறங்க முடியவில்லை. முன்னால் ஒரு வண்டி எரிந்தால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்க வேண்டும். நிற்கிற வண்டியும் குளிருக்காக என்ஜினை ஓடவிடும். டீசல் தீரும். டீசல் கொண்டுவர வேண்டிய டேங்கர் அதே வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டிருக்கும்.

அது பழைய கதை. இன்றைக்கு நிலைமை அதைவிட இறுக்கம். முனைக்கு முந்தைய 20 கிலோமீட்டருக்குள் பகலில் லாரி என்ற ஒன்றே போக முடியாது. முனையில் எத்தனை பேரை நிறுத்தலாம் என்பதை இப்போது தீர்மானிப்பது, அந்தத் தூரத்துக்குள் எத்தனை கிலோ கொண்டுபோக முடியும் என்ற கணக்குதான். இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 மூன்றாம் கியர்

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. சங்ககிரிப் பக்கம் லாரி வைத்துப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிற கணக்கு.

வண்டி எத்தனை டன் ஏற்றும் என்பது பாதிக் கேள்விதான். ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் அடிக்கும் என்பது மீதி. கான்வாயாகப் போகும்போது மணிக்கு 25 கி.மீ. என்று வையுங்கள். டெப்போ 50 கி.மீ. தூரத்தில் இருந்தால் போக 2 மணி, வர 2 மணி, ஏற்ற இறக்க 4 மணி. ஆக 8 மணி நேரம். டிரைவரைப் பிழிந்தால் நாளைக்கு இரண்டு டிரிப். டெப்போவை 150 கி.மீ. தள்ளி வைத்தால் 6, 6, 4. பதினாறு மணி நேரம், ஒரே டிரிப். வண்டி அதேதான், டிரைவரும் அதே ஆள்தான், வந்து சேர்கிற சரக்கு பாதி. 250 கி.மீ. என்றால் டிரைவர் தூங்காமல் ஓட்ட வேண்டும். அப்போது அவரும் வண்டியும் பள்ளத்தில் கிடப்பார்கள்.

இதில் பலரும் கவனிக்காதது அந்த 4 மணி நேரம். ரஷ்யர்கள் பீரங்கிக் குண்டை மரப்பெட்டியில் வைத்துக் கையால் ஏற்றி இறக்குகிற வீடியோக்கள் நிறைய வந்தன. 152 மி.மீ. குண்டு மட்டும் 43 கிலோ சொச்சம். பெட்டியும் உந்துமருந்தும் தனி எடை. எங்கள் பக்கம் சிமெண்ட் மூட்டை இறக்குகிற மாதிரிதான், ஆனால் மூட்டை கீழே விழுந்தால் யாரும் ஓட மாட்டார்கள். அமெரிக்கப் படையில் சரக்கு மொத்தமும் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். லாரியில் இருக்கும் கொக்கிக் கை அந்தத் தட்டை அப்படியே தூக்கி முதுகில் போட்டுக்கொள்ளும். டிரைவர் கேபினைவிட்டு இறங்கவே வேண்டாம். ஃபோர்க்லிஃப்டும் பேலட்டும் இல்லாத படை, சிப்பாய்களை லோடுமேனாக்கித்தான் போர் நடத்த வேண்டும்.

#3 தண்டவாளம்

லாரியை மட்டும் பார்த்தால் ரஷ்யர்களை முட்டாள் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் படை ரயிலை நம்பிக் கட்டப்பட்டது. பாதை போடவும் பழுதுபார்க்கவும் ரயில்வே துருப்புகள் என்று தனிப் பிரிவே உண்டு. சோவியத் காலத்து 1520 மி.மீ. அகலப்பாதைதான் உக்ரைனிலும். சந்திப்பு நிலையங்கள் கைக்கு வந்துவிட்டால் ரஷ்யாவில் ஏற்றிய சரக்கை வண்டி மாற்றாமல் உள்ளே கொண்டுவரலாம்.

வடக்கே அது நடக்கவில்லை. செர்னிஹிவ், சுமி, கார்கிவ் மூன்றும் விழவில்லை, மூன்றும் ரயில் முடிச்சுகள். பெலாரஸுக்குள்ளேயே ரயில்வே ஊழியர்களும் உள்ளூர் எதிர்ப்பாளர்களும் சிக்னல் ரிலே பெட்டிகளைக் கொளுத்தினார்கள். அதனால் சரக்கு பெலாரஸ் பக்கம் இறங்கி, அங்கிருந்து கீவ் வரை முழுத் தூரமும் லாரியில் வர வேண்டியதாயிற்று. மூன்றாம் கியர் போட்ட 150 கி.மீ. கணக்கு இங்கே பொருந்தும். தெற்கே கிரிமியாவிலிருந்து பாதை இருந்தது. அங்கே அவர்கள் வேகமாகப் பரவினார்கள், பிடித்த இடத்தில் நிலைக்கவும் செய்தார்கள்.

குப்யான்ஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸியும் பகுதியில் இருந்த ரஷ்யப் படைக்குச் சோறும் குண்டும் அந்தச் சந்திப்பு வழியாகத்தான். 2022 செப்டம்பர் 10 அன்று உக்ரைன் படை குப்யான்ஸ்க்குக்குள் நுழைந்தது. அன்றைக்கே ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் பலாக்லியா, இஸியும் பகுதிகளிலிருந்து படையை "மறு அணிவகுப்பு" செய்வதாக அறிவித்தது. சந்திப்பு போனதும் ஊரும் போயிற்று.

#4 புதுசு_2

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு ஓட்டை என்றால் வருஷக்கணக்கில் எப்படிச் சண்டை போடுகிறார்கள்? 2022 பிப்ரவரி வீடியோக்களையே இன்னும் காட்டி "ரஷ்ய லாஜிஸ்டிக்ஸ் தோற்றுவிட்டது" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

#5 கரிசல்மண்

நியாயமான கேள்விதான், தம்பி. கற்றுக்கொண்டார்கள். ஆனால் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை பெரிது.

2022 கோடையில் கிழக்கு உக்ரைனின் டொன்பாஸில் அவர்கள் நாளொன்றுக்கு 20,000 குண்டுகளுக்கு மேல் சுட்டதாக மதிப்பீடுகள் வந்தன. அந்த எண்ணையே வைத்துப் பார்ப்போம். குண்டு ஒன்று 43 கிலோ என்றால் 860 டன். உரால் லாரி ஒன்றில் 6 டன் ஏற்றினால் 143 லோடு. இதில் உந்துமருந்து, பெட்டி, டீசல், சாப்பாடு எதுவும் சேரவில்லை. எல்லாக் குண்டும் 152 இல்லை, 122 மி.மீ. எடை குறைவு. என்றாலும் கணக்கின் அளவு புரியும். இதைச் சமாளிக்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, முனைக்கு 30, 40 கி.மீ. பின்னால் மலைபோல் குவித்து வைத்தார்கள்.

ஜூன் கடைசியில் உக்ரைனுக்கு ஹைமார்ஸ் என்ற அமெரிக்க ராக்கெட் ஏவி வண்டி வந்தது. அதன் ராக்கெட் ஏறத்தாழ 80 கி.மீ. போகும். ஜூலையில் நோவா ககோவ்கா உட்பட ஒவ்வொரு குவியலாக வெடித்தது. எல்லோரும் வெடிப்பு வீடியோவைப் பார்த்தார்கள். விஷயம் வெடிப்புக்கு அப்புறம்தான். மிச்சமிருந்த டெப்போக்களை ராக்கெட் எட்டாத தூரத்துக்குப் பின்னுக்குத் தள்ளி, சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் கியர் கணக்குப்படி அதே லாரிகள் பாதிச் சரக்குதான் கொண்டுவரும். குண்டு வெடித்துச் சிதறியதைவிட, லாரி ஓட வேண்டிய தூரம் கூடியதுதான் பெரிய அடி என்பேன்.

கெர்சோனில் இது முழுசாகத் தெரிந்தது. நீப்பர் ஆற்றின் வலக்கரையில் பெரிய படை. அதற்கு அந்தோனிவ்ஸ்கி சாலைப்பாலம், பக்கத்தில் ரயில் பாலம், ககோவ்கா அணை மேல் சாலை. அந்தோனிவ்ஸ்கி பாலத்தை உக்ரைன் கவிழ்க்கவில்லை. ஜூலை பிற்பாதியிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டை போட்டது. கனரக லாரி போக முடியாது, அவ்வளவுதான். ஃபெர்ரி, மிதவை என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள். நவம்பர் 9 அன்று உக்ரைன் போரின் ரஷ்யத் தளபதி சுரோவிகின் டிவி கேமரா முன்னால் பின்வாங்கலாம் என்று பரிந்துரைக்க, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு தலையாட்டினார். 11-ஆம் தேதி உக்ரைன் படை நகரத்துக்குள். நகருக்குள் தெருச் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை.

#6 பழைய சிப்பாய்

கரிசல்மண் தம்பி சொல்வதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டெப்போவைப் பத்தாகப் பிரி என்று உத்தரவு போடுவது சுலபம். நான் ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்தின் வழங்கல் பிரிவில் இருந்தவன். ஒரு டெப்போ என்றால் ஒரு காவல், ஒரு கணக்குப் பேரேடு, ஒரு தீயணைப்பு ஏற்பாடு. பத்து என்றால் எல்லாம் பத்து மடங்கு. எந்தப் பள்ளத்தில் எந்த லாட் குண்டு கிடக்கிறது என்று தெரியாமல் போனால், பீரங்கிக்காரன் கேட்கிற ஃபியூஸ் ஒரு கிராமத்திலும் குண்டு இன்னொரு கிராமத்திலும் இருக்கும். பிரித்து வைத்தால் தப்பிக்கும். ஆனால் ஆளைத் தின்னும்.

பிரிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 செப்டம்பர் 18, தொரொபெட்ஸ். ரஷ்யாவின் ட்வெர் மாகாணத்தில் இருந்த பெரிய ஆயுதக்கிடங்கு. ட்ரோன் தாக்குதலில் வெடித்தது நில அதிர்வுக் கருவிகளிலேயே பதிவாயிற்று.

நம்ம ஊர் ஆட்களுக்குக் கார்கில் நினைவிருக்கட்டும். 1999-ல் தொலோலிங் மலை மேல் உட்கார்ந்த பாகிஸ்தானியர்களுக்குக் கீழே போகிற ஸ்ரீநகர்-லே சாலை கண்ணுக்கு நேராகத் தெரியும். த்ராஸ் பக்கம் போகிற கான்வாய் மீது குண்டை வழிகாட்டி இறக்கினார்கள். லாரிகள் இரவில் விளக்கில்லாமல் ஊர்ந்தன. மலை உச்சிக்காக நடந்த சண்டை என்று பேசுகிறோம். அந்த உச்சி வேண்டியிருந்தது சாலைக்காக.

#7 கடலோடி

வாசித்துக்கொண்டு வந்தேன், நல்ல இழை. எல்லோரும் எறிகணையையும் டீசலையும் பற்றிக் கதைக்கிறீர்கள், தண்ணீரை விட்டுவிட்டீர்கள். 2000 ஏப்ரல் 22-இல் இலங்கை ராணுவத்தின் ஆனையிறவுத் தளம் கைவிடப்பட்டதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று தண்ணீர். உப்பளம் சூழ்ந்த இடம், தளத்துக்கான நன்னீர் இயக்கச்சிக் கிணறுகளில் இருந்துதான் வந்தது. இயக்கச்சி கைமாறியதும் சித்திரை வெயிலில் அவ்வளவு பெரிய படை எத்தனை நாள் நிற்க ஏலும்? ஆயுதம் குறையவில்லை, குடிக்க இல்லை.

#8 நெறியாளர்

கடலோடி சொன்ன தண்ணீர்க் கருத்து இருக்கட்டும், பொருத்தமானது. அதைப் பிடித்துக்கொண்டு ஈழப்போர் விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது. தொடங்கினால் இங்கிருந்து நகர்த்திவிடுவேன்.

#9 ட்ரோன்கிறுக்கன்

தலைப்புக்கே வருகிறேன். கடைசி 20 கி.மீ. எப்படி இருக்கிறது என்று துண்டு துண்டாகச் சொல்கிறேன். உக்ரைன் பக்கம் மட்டும்.

மேற்கத்திய சரக்கில் பெரும்பகுதி போலந்தின் ஜெஷோவ் விமான நிலையத்தைச் சுற்றி வந்து சேர்கிறது. எல்லையில் 1435 மி.மீ. பாதையும் 1520 மி.மீ. பாதையும் சந்திக்கும், அங்கே சரக்கு மாறும். அப்புறம் ஆயிரம் கிலோமீட்டர் போல ரயிலிலும் லாரியிலும் கிழக்கே வரும். இந்த ஆயிரம் கிலோமீட்டர் ஆபத்தானதுதான், ஆனாலும் ஓடுகிறது. பிரிகேடின் கையிருப்பு கிராமத்து வீடுகளிலும் நிலவறைகளிலும் பிரிந்து கிடக்கும். அங்கிருந்துதான் கதை மாறுகிறது.

அங்கே லாரி கிடையாது. ஐரோப்பாவில் பழைய விலைக்கு வாங்கிய பிக்கப் வண்டி, கூரையில் ட்ரோனின் ரேடியோ தொடர்பை அடைக்கும் ஜாமர், பின்னால் சரக்கு. விடியலுக்கு முந்தைய அரைவெளிச்சம் அல்லது மூடுபனி பார்த்துக் கிளம்பும். முன்பு ஜாமர் இருந்தால் ஓரளவு நம்பிக்கை. ஃபைபர் கம்பி ட்ரோன் வந்தபின் அதுவும் போயிற்று. ட்ரோனின் வயிற்றில் ஒரு சுருள். பறக்கப் பறக்க மெல்லிய கண்ணாடி இழை பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். ரேடியோ அலை இல்லை, ஜாமருக்கு அடைக்க எதுவும் இல்லை. படமும் கடைசி நொடி வரை தெளிவாக இருக்கும். சில ட்ரோன்களைச் சாலையோரத்தில் இறக்கி, மோட்டாரை நிறுத்தி, கேமராவை மட்டும் விழிக்கவைத்துக் காத்திருப்பார்கள். வண்டிச் சத்தம் வந்ததும் எழும்பும்.

அதற்குப் பதில்தான் வலை. சாலையின் இருபுறமும் கம்பம் நட்டு, பக்கவாட்டிலும் மேலேயும் மீன்வலையைக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் வலைக் கொட்டகை. டென்மார்க், ஸ்வீடன், பிரான்ஸ் மீனவர்கள் பழைய வலைகளை அனுப்பினார்கள். இரண்டு தரப்பும் இதைச் செய்கிறார்கள், பாக்முத் பக்கம் ரஷ்யர்கள் முதலில் போட்டார்கள். வலை ட்ரோனை நிரந்தரமாகத் தடுக்காது. ஒன்று வந்து ஓட்டை போடும், அடுத்தது ஓட்டை வழியே நுழையும். ஆகவே தினம் வலை தைக்க ஆள் வேண்டும். அந்த ஆளும் அந்தச் சாலையில்தான் நிற்க வேண்டும்.

வலை முடிகிற இடத்திலிருந்து பதுங்குகுழி வரை சில கிலோமீட்டர். அது மூன்று வழியில் போகும்: நடந்து, தரை ரோபோவில், அல்லது இரவில் கனரக ட்ரோனில். ரஷ்யர்கள் "பாபா யாகா" என்று பெயர் வைத்த அந்த ஆறு இறக்கைக்காரன் பொதுவாக 10 முதல் 15 கிலோ வரை தூக்கும். குழியில் இரண்டு பேர். ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 7 கிலோ. அப்புறம் டின் சாப்பாடு, ரேடியோ பேட்டரி, பவர் பேங்க், துப்பாக்கிக் குண்டு. இரண்டு பேருக்கு நாளைக்கு ஒரு நடை. இருபது பேர் என்றால் பத்து நடை. பத்து நடை ஒரே இடத்துக்குப் பறந்தால் எதிரி அந்த இடத்தைக் குறித்துக்கொள்வான்.

கரிசல்மண் சொன்னது இங்கேதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முனையில் இரண்டு இரண்டு பேராக, வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஆளை வைத்தால் தண்ணீர் கொடுக்க முடியாது.

ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் இதன் முழு விளைவைப் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 6 அன்று உள்ளே போன உக்ரைன் படைக்குச் சுமியிலிருந்து சுட்ஜா போகிற ஒரே நல்ல சாலை. 2025 தொடக்கத்தில் ரஷ்யர்கள் ரூபிகான் என்ற தங்கள் சிறந்த ட்ரோன் பிரிவை அந்தச் சாலைக்கு ஒதுக்கினார்கள். ட்ரோனோட்டிகளை, ஆம்புலன்ஸை, பிக்கப்பைத் தேடித் தேடி அடித்தார்கள். மார்ச் நடுவில் சுட்ஜா போனபோது சாலை நெடுக எரிந்த வண்டிகள் கிடந்தன. சுட்ஜாவுக்குள் ரஷ்யர்கள் எரிவாயுக் குழாய் வழியாக ஊர்ந்து வந்தது பெரிய செய்தியானது. சாலை செத்துப்போனது அதற்கு முன்பே.

#10 பழைய சிப்பாய்

ட்ரோன்கிறுக்கன், விவரம் அருமை. முடிவு ஒப்பவில்லை. இரண்டு பேர் மட்டும் குழியில் இருப்பதற்கு முதல் காரணம் உக்ரைனிடம் காலாட்படைக்கு ஆள் பற்றாக்குறை. இரண்டாவது, கூட்டமாக இருந்தால் சாவு. தண்ணீர் மூன்றாவது. நீங்கள் மூன்றாவதை முதலாக்குகிறீர்கள். வழங்கல்காரன் நானே இதைச் சொல்கிறேன்.

#11 கரிசல்மண்

ஐயா, ஆள் இருக்கிற பக்கத்தைப் பாருங்கள். ரஷ்யர்களுக்கு உக்ரைன் அளவுக்கு ஆள் பஞ்சம் இல்லை. அவர்களும் இரண்டு மூன்று பேராகத்தான் நுழைகிறார்கள், மோட்டார் சைக்கிளில், நடந்து, பனிமூட்டத்தில். பெரிய படை ஒன்று முன்னேறிப் பிடித்தாலும் அதற்குப் பின்னால் குண்டும் தண்ணீரும் கொண்டுவர லாரி வர முடியாது. பிடித்ததை வைத்திருக்க முடியாத தாக்குதலை எதற்குச் செய்வது? கூட்டமாக இருந்தால் சாவு என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதே ட்ரோன்தான் சரக்கையும் அடிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்ன?

#12 பழைய சிப்பாய்

பிரிக்க முடியும். 1999-ல் நமக்கும் உச்சிக்குச் சாலை இல்லை. ஆள் தோளில் சுமந்து ஏறினான். ஒரு பட்டாலியன் மேலே சண்டை போட்டது. சுமக்கத் தயாரான ஆள் இருந்தால் கிலோ மேலே போகும். உங்கள் கணக்கில் சுமக்கிற ஆளை ட்ரோன் பார்க்கிறது, எங்கள் காலத்தில் பார்க்கவில்லை. ஆகவே உயிர்ச்சேதம்தான் மூலம். இத்தோடு இதில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

#13 புதுசு_2

ரஷ்யர்கள் கழுதையில் சரக்கு ஏற்றுகிறார்கள் என்பது உண்மையா? மீம் என்று நினைத்தேன்.

#14 தண்டவாளம்

உண்மை. 2025 பிப்ரவரியில் ரஷ்யச் சிப்பாய்கள் கழுதையில் பெட்டி ஏற்றுகிற படங்கள் வந்தன. ஓய்வுபெற்ற ஜெனரலும் ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவின் உறுப்பினருமான விக்டர் சோபொலெவ் அதை நியாயப்படுத்தவே செய்தார். ஆள் சாவதைவிடக் கழுதை சாவது மேல் என்பது அவர் வாதம். சிரிக்க ஒன்றுமில்லை. கழுதைக்கு டீசல் வேண்டாம், ட்ரோனின் வெப்பக் கேமராவில் அது ராணுவ வண்டியாகத் தெரியாது. அதற்கு முன்பே சீனாவிலிருந்து டெசர்ட்கிராஸ் என்ற சின்னத் திறந்த வண்டிகளை வாங்கிக் குவித்திருந்தார்கள். 2023 நவம்பரில் புதினுக்கே காட்டினார்கள். கவச வண்டி ஒன்று அடிபட்டால் பத்துப் பேர் போவார்கள். இது அடிபட்டால் இரண்டு பேர். மனிதக் கணக்கு அப்படிக் கீழே இறங்கிவிட்டது.

முனைக்குப் பின்னால் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் கெர்ச் பாலம் 2022 அக்டோபர் 8 அன்று வெடித்த பிறகு, அதை மட்டும் நம்பாமல் ரஸ்தோவிலிருந்து மரியுபோல் பக்கமாகத் தரைவழி ரயில் இணைப்பை ஒட்டுப்போட்டுக் கட்டினார்கள். புதுசு_2 கேட்ட "எப்படி இன்னும் சண்டை போடுகிறார்கள்" என்பதற்கு இது பாதிப் பதில். வடகொரியக் குண்டுகள் இன்னொரு பாதி.

#15 நீலமலை

குண்டு என்றதும் வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது, நூற்றாண்டு கண்டது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் குண்டு என்பது இரும்பு மட்டுமில்லை என்று தெரியும். இரும்புக் கூட்டைத் தட்டி எடுக்க ஆலை கிடைக்கும். உள்ளே போகிற வெடிமருந்தும், பின்னாலிருந்து தள்ளுகிற உந்துமருந்தும்தான் இழுபறி. உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ், அதற்குப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை. ஐரோப்பிய ஆலைகள் அந்த இழைக்குச் சீனாவை நம்பியிருந்ததைப் போர் தொடங்கிய பிறகுதான் கவலையோடு பேசினார்கள். 2024 மார்ச்சுக்குள் பத்து லட்சம் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது, பாதியளவுதான் போயிற்று. அமெரிக்கா போருக்கு முன் மாதம் 14,000 போல 155 மி.மீ. குண்டு செய்துகொண்டிருந்தது. உக்ரைன் சூடான நாட்களில் அதை இரண்டு மூன்று நாளில் சுட்டுத் தீர்த்துவிடும்.

155 என்றால் எல்லாப் பீரங்கிக்கும் ஒரே குண்டு என்று இங்கே ஒரு பழைய இழையில் வாதம் நடந்தது. குழாயில் நுழையும், சரி. உந்துமருந்துத் துண்டு ஜெர்மன் பீரங்கிக்கு ஒன்று, பிரெஞ்சு சீசருக்கு ஒன்று, அமெரிக்க எம்777க்கு ஒன்று. கம்ப்யூட்டரில் அந்தக் குண்டின் கணக்கு இல்லையென்றால் எங்கே விழும் என்று தெரியாது. உக்ரைனிடம் பத்துக்கு மேற்பட்ட வகைப் பீரங்கிகள். பழுது என்றால் சிலதைப் போலந்துக்கும், ஜெர்மன் பீரங்கியை லிதுவேனியாவுக்கும் அனுப்பி எடுத்துவர வேண்டியிருந்தது. பீரங்கியைப் பரிசாகக் கொடுப்பவர் அதன் ஸ்பேரையும் மெக்கானிக்கையும் கொடுக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

#16 மூன்றாம் கியர்

நீலமலை சொன்ன கடைசி வரி எங்கள் தொழிலில் தினம் படுகிற பாடு. ஐந்து கம்பெனி வண்டி வைத்திருப்பவனுக்கு ஐந்து விதமான கிளட்ச் பிளேட் அலமாரியில் இருக்க வேண்டும்.

#17 புதுசு_2

ரோபோதான் இனி தீர்வு என்று எல்லோரும் சொல்கிறார்களே? லடாக்கில் நமக்கும் அது உதவுமா?

#18 ட்ரோன்கிறுக்கன்

தரை ரோபோ 200 கிலோ வரை இழுக்கும் வகைகள் இருக்கின்றன. ட்ரோனின் பதின்மூன்று முதல் இருபது நடையை ஒரே நடையில் முடிக்கும். ஆனால் மெதுவாகப் போகும், சேற்றில் மாட்டும், கண்ணிவெடியில் ஏறும், தொடர்பு அறுந்தால் நடுவழியில் பொம்மையாக நிற்கும். நிறையத் தொலைகின்றன. தொலைந்தாலும் யார் வீட்டுக்கும் தந்தி போகாது என்பதால்தான் பயன்படுத்துகிறார்கள்.

திரும்பி வருகிற நடைதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போகும்போது தண்ணீர், வரும்போது காயம்பட்டவர். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். இங்கே ஹெலிகாப்டர் பேச்சே இல்லை. கட்டுப்போட்டுக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2025-ல் டொனெட்ஸ்க் பகுதியில் சூழப்பட்ட ஒரு சிப்பாய்க்குக் கனரக ட்ரோனில் மின்சைக்கிளை இறக்கி, அதில் ஏறி அவரே தப்பி வரவைத்தார்கள். முதல் முயற்சிகள் தோற்று, கடைசியில் ஒன்று போய்ச் சேர்ந்தது. வீரக்கதையாகப் பகிர்ந்தார்கள். நான் பார்த்தது வேறு: ஆம்புலன்ஸ் வர முடியாத இடத்துக்கு சைக்கிளை அனுப்ப வேண்டிய நிலை.

#19 பழைய சிப்பாய்

லடாக் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

ஸ்ரீநகர்-லே சாலையில் இருக்கும் சோஜி லா கணவாய் 3,500 மீட்டருக்கு மேல். பனி விழுந்தால் மாதக்கணக்கில் மூடும், இப்போது முன்பைவிடச் சீக்கிரம் திறக்கிறார்கள். ஆகவே கோடையிலேயே குளிர்காலம் முழுமைக்கும் ஏற்றிவைப்போம். அட்வான்ஸ் வின்டர் ஸ்டாக்கிங் என்பார்கள். அரிசி, மாவு, பருப்பு தவிர மண்ணெண்ணெய்தான் பெரிய சுமை. சூடாக்க, சமைக்க, பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். 2020-ல் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு திடீரென்று பல்லாயிரம் பேர் அதிகம். அந்தக் குளிர்காலத்துக்குக் கூடாரமும் துணியும் எண்ணெயும் ஏற்றிய வேலையைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தது பெரிய உதவி, மணாலி பக்கத்துச் சாலை ரோத்தாங் கணவாயைத் தாண்ட வேண்டியதில்லை.

லாரி ஓரிடத்தில் நிற்கும். அப்புறம் கோவேறு கழுதை. அப்புறம் போர்ட்டர். உக்ரைனில் இன்றைக்குக் கண்டுபிடித்ததாகச் சொல்கிற கடைசிக் கட்டம் எங்களுக்கு எப்போதும் இருந்தது. வித்தியாசம், எங்களைப் பார்க்க மேலே யாரும் இல்லை.

இனி இருப்பார்கள். அங்கே எனக்கு இரண்டு கவலை. காற்று மெலிந்த உயரத்தில் சரக்கு ட்ரோன் தூக்குகிற எடை குறையும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆகவே உக்ரைனின் 15 கிலோவை அப்படியே எடுத்துவந்து கணக்குப் போடக்கூடாது. இரண்டாவது, டொனெட்ஸ்க் சமவெளியில் ஒரு சாலை போனால் வயல் வழியாக இன்னொன்று போடலாம். பள்ளத்தாக்கில் ஆறு, சாலை, மலை, அவ்வளவுதான். மாற்று வழி கிடையாது. ராணுவ தினத்தில் நாலுகால் ரோபோ அணிவகுத்ததைக் கைதட்டிப் பார்த்தோம். அதற்குப் பேட்டரி சார்ஜ் செய்யும் ஜெனரேட்டருக்கு எண்ணெய் யார் சுமப்பது என்று நான் கேட்டேன், பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

தணிக்கைத்துறை 2015-லும் 2017-லும் சொன்னதையும் மறக்க வேண்டாம். 40 நாள் கடும்போருக்கு வேண்டிய கையிருப்பு என்பது விதி. பல வகைக் குண்டுகள் 10 நாளுக்குக்கூட இல்லை. அதற்கப்புறம் நிறைய வாங்கினார்கள், நல்லது. வாங்கியதை எங்கே, எத்தனை துண்டாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இப்போது என் கேள்வி.

#20 கரிசல்மண்

ஐயா, அந்த ஜெனரேட்டர் கேள்விக்காகவே இந்த இழை தொடங்கியது வீண்போகவில்லை.

சுத்திகரிப்பு ஆலைகள் மீதும் ரயில் என்ஜின்கள் மீதும் நடக்கிற தாக்குதலை இங்கே யாரும் தொடவில்லை. அது கடைசி 20 கி.மீ. இல்லை, முதல் ஆயிரம். தண்டவாளம், நீங்களே தனி இழையாகத் தொடங்குங்களேன். இதில் போட்டால் கலந்துவிடும்.

#21 தண்டவாளம்

தொடங்குகிறேன். மின்பாதைக்கும் டீசல் பாதைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து எழுத வேண்டும், ஞாயிறு வரை பொறுங்கள்.